ரபுன்செலைச் சிறை வைத்த கிழவி என்ன ஆனாள்?

எட்டு வயதுள்ள என் அக்கா மகளுக்கு, ஒரு கிழவி கோபுரத்தில் அடைத்து வைத்த நீண்ட கூந்தல்காரி ரபுன்செலின் கதையைப் படித்துக் காட்டி முடித்தபோது, "அந்தக் கிழவி கடைசியில் என்ன ஆனாள், சித்தி?" என்று கேட்டாள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். இளவரசனுக்குப் பார்வை திரும்புகிறது, இரட்டைக் குழந்தைகளோடு எல்லாரும் அரண்மனைக்குப் போகிறார்கள். கோபுரத்தைக் காவல் காத்தவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தேவதைக் கதைகளைப் பெண்ணின் பக்கம் நின்று மறுபடி எழுதுகிறவர்கள் மூலக்கதையைக் கெடுக்கிறார்கள் என்ற புகாரை அடிக்கடி பார்க்கிறேன். எந்த மூலக்கதை என்று கேட்டால் பலரும் ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களைக் காட்டுவார்கள். ஆனால் ரபுன்செலை அவர்களுக்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், 'பெர்சினெத்' என்ற பெயரில் பிரெஞ்சு மொழியில் எழுதியவர் ஷார்லோத்-ரோஸ் த லா ஃபோர்ஸ் என்ற பெண்மணி. பதினான்காம் லூயி மன்னன் அவரை அரசவையிலிருந்து விலக்கிக் கன்னியர் மடத்துக்கு அனுப்பினான். கோபுரத்தில் அடைபட்ட பெண்ணின் கதை யார் கையிலிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். அவருடைய கதையில், பாலைவனத்தில் அந்தக் குடும்பத்தின் உணவு கல்லாக மாறிப் பட்டினியில் வாடும்போது, சிறை வைத்த தேவதையே பழைய பாசத்தால் மனம் இளகித் தன் பொன் தேரில் அவர்களை ஏற்றி அரண்மனையில் கொண்டுபோய் விடுகிறாள்.

இந்தக் கதை ஜெர்மன் மொழிபெயர்ப்பு வழியாகக் கிரிம் சகோதரர்களிடம் வந்து சேர்ந்தது. 1812ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த மனமாற்றம் இல்லை. ஆனாலும் அதில் வெகுளியான ஓர் இடம் மிஞ்சியிருந்தது: தான் கருவுற்றிருப்பதை அறியாத ரபுன்செல், "என் உடைகள் ஏன் இப்படி இறுகிக்கொண்டே போகின்றன?" என்று கேட்கிறாள். குழந்தைகளுக்கு ஆகாது என்று அந்தக் கேள்வியும் பின்னர் நீக்கப்பட்டு, தன் கூந்தலைப் பிடித்துக் கோபுரத்தில் ஏறிவரும் கிழவியிடம், இளவரசனைவிட நீங்கள் ஏன் இவ்வளவு கனக்கிறீர்கள் என்று அவள் உளறிவிடுவதாக மாற்றப்பட்டது. தன் உடம்பைக் கவனித்த பெண் வாய்தவறிய அசடாக ஆனாள். முதல் பதிப்பில் 'தேவதை' என்றே குறிக்கப்பட்டவள் சூனியக்காரியானாள். அவர்களுடைய இன்னொரு கதையில் ஸ்நோ ஒயிட் என்ற சிறுமியைக் கொல்லச் சொல்பவளும் 1812இல் பெற்ற தாய்தான். தாய்மைக்கு இழுக்கு வரக்கூடாது என்பதாலோ என்னவோ, 1819இல் அவள் சித்தியாக்கப்பட்டாள். (சித்தி என்ற முறையில் எனக்கு இதில் சொந்த வருத்தமும் உண்டு.) திருத்தியவர்களை நாம் தொகுப்பாளர்கள் என்கிறோம், திரும்ப எழுதும் பெண்களைக் கெடுத்தவர்கள் என்கிறோம்.

அமெரிக்கக் கவிஞர் ஆன் செக்ஸ்டன் 1971இல் வெளியிட்ட தொகுப்பில் ரபுன்செல் கவிதை கைவிடப்பட்ட கிழவியின் தனிமையில்தான் முடிகிறது. அயர்லாந்தில் பிறந்த எம்மா டோனஹியூ 1997இல் எழுதிய 13 கதைகளில், ஒவ்வொரு கதையின் நாயகியும் தான் சந்தித்த மற்றொரு பெண்ணிடம் 'இதற்குமுன் நீ யாராக இருந்தாய்' என்று கேட்க, அவளுடைய பதிலே அடுத்த கதையாகிறது.

என்னை அதிகம் பாதித்தவர் ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டர். மனைவிகளைக் கொல்லும் நீலத்தாடியின் கதையில் கடைசி மனைவியைக் காப்பாற்ற அவளுடைய அண்ணன்மார் வருவதாகத்தான் பழைய பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதினார். 1979இல் கார்ட்டர் அண்ணன்மாருக்குப் பதிலாகத் தாயைக் குதிரையேற்றி, கையில் துப்பாக்கியோடு அனுப்பினார். தாய்க்கு எப்படித் தெரிந்தது? புகுந்த வீட்டின் குளியலறையில் தங்கக் குழாய்கள் இருப்பதைத் தொலைபேசியில் சொல்லி மகள் அழுதாள். தங்கக் குழாய்க்காக யாராவது அழுவார்களா என்று தாய் யோசித்தாள், கிளம்பிவிட்டாள். மகளின் குரலை அறிந்த தாய் அந்தக் கதைக்குள் வந்ததைத்தான் நான் பெரிய மாற்றமாகக் கருதுகிறேன், துப்பாக்கியை அல்ல.

அதனால்தான் இளவரசியின் கையில் ஒரு வாளைக் கொடுத்துவிட்டு, மற்றப் பெண்களையெல்லாம் பழையபடி பொறாமைக்காரிகளாகவே விட்டுவைக்கும் இன்றைய புத்தகங்கள் பலவும் எனக்கு அலுப்பூட்டுகின்றன.

அன்றிரவு அக்கா மகளுக்குப் பொன் தேர் வரும் முடிவைச் சொன்னேன். அவள் சற்று நேரம் யோசித்துவிட்டு, "அப்புறம் கிழவி தனியாகவா திரும்பிப் போனாள்?" என்றாள்.