அந்த அமைதிதான் ஆபத்து

அணுக்கரு இணைவு பற்றிப் படித்த கட்டுரையில் ஒரு வரி: டோக்கமாக்கில் (பிளாஸ்மாவை, அதாவது மிகச் சூடான மின்னூட்ட வாயுவை, காந்தப்புலத்தால் அடைத்துவைக்கும் வளையக் கருவி) பிளாஸ்மா 'முன்னறிவிப்பே இல்லாமல்' குலைந்துவிடுமாம். அது எங்கள் குளச்சல் பக்கத்துக் கள்ளக்கடலுக்கு, திடீரென்று கரையேறும் பேரலைக்கு, வேண்டுமானால் பொருந்தும் (இப்போது அதற்கும் எச்சரிக்கை வருகிறது, அது வேறு). பிளாஸ்மா பெரும்பாலும் சாடை காட்டிவிட்டுத்தான் போகிறது.

காந்தக் கோடுகள் அறுந்து மறுபடி ஒட்டும்போது உள்ளே 'காந்தத் தீவுகள்' உருவாகும். முதலில் பிளாஸ்மாவோடு சேர்ந்து சுற்றும். சுவரோரம் இருந்து காந்தப்புல மாற்றத்தை அளக்கும் மிர்னோவ் சுருள்களில் அந்த அதிர்வு நன்றாகவே தெரியும். தீவு பெருக்கப் பெருக்கச் சுழற்சி தளர்ந்து, கடைசியில் ஓரிடத்தில் பூட்டிக்கொள்ளும். அப்போது சுருளில் அதிர்வு அடங்கிவிடும். சரியாகிவிட்டது என்று நினைத்தால் போச்சு! நடுக்கடலில் வள்ளத்தின் எஞ்சின் சத்தம் நின்றால் வயிறு கலங்குமே, அதே கதைதான். அதன்பின் வெப்பம் கொட்டத் தொடங்கினால் சில மில்லிவிநாடிகளில் மொத்தமும் போய்விடும். அப்புறம் மின்னோட்டமும் சரியும். சுவரிலிருந்து துகள் உதிர்ந்து விழுந்து வரும் குலைவுக்கு மட்டும் இவ்வளவு அவகாசம் கிடைக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

காந்திநகரில் உள்ள ஆதித்யா சிறிய டோக்கமாக். பிரான்சில் கட்டப்படும் பெரிய டோக்கமாக்கான ஐட்டரிலோ பிளாஸ்மா மின்னோட்டம் 1.5 கோடி ஆம்பியர்; குலைந்தால் அடி பெரிது. அதனால்தான் அந்த அடியைத் தணிக்க அங்கே உறைந்த நியான், ஹைட்ரஜன் உருண்டைகளை நொறுக்கி உள்ளே எறிய ஏற்பாடு செய்கிறார்கள். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே?