திருட்டு மென்பொருளால் வேலை இழப்பவர் யார்?

மென்பொருள் திருட்டு என்றதும் பெருநிறுவனங்களின் இழப்புக் கணக்குதான் முதலில் பேசப்படுகிறது. உலகெங்கும் கணினிகளில் நிறுவப்பட்ட மென்பொருள்களில் 42 விழுக்காடு உரிமமற்றவை என்றும், அவற்றின் வணிக மதிப்பு 6,340 கோடி டாலர் என்றும் 2011ஆம் ஆண்டு நிலவரத்தைப் பற்றி பிஸினஸ் சாஃப்ட்வேர் அலையன்ஸ் என்ற மென்பொருள் நிறுவனங்களின் தொழிற்கூட்டமைப்பு அறிவித்தது. அதற்கு முன்பு 2010இல், திருட்டு விகிதத்தை நான்கு ஆண்டுகளில் 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைத்தால் ஏறத்தாழ ஐந்து லட்சம் புதிய வேலைகள் உருவாகும் என்றும் அது கூறியிருந்தது. விற்பவர்களே போட்ட கணக்கு என்பதால் இந்த எண்களை நான் அப்படியே ஏற்பதில்லை. பல மாத ஊதியத்தை விலையாகக் கொண்ட ஒரு வடிவமைப்பு மென்பொருளைத் திருட்டுப் பிரதியில் பழகும் மாணவர், அது கிடைக்காமல் போயிருந்தால் பணம் கொடுத்து வாங்கியிருக்கப் போவதில்லை. போலிப் பொருள்களாலும் திருட்டுப் பிரதிகளாலும் விளையும் மொத்தப் பொருளாதார இழப்பை அளவிடுவது மிகக் கடினம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ.வும் 2010இல் எழுதியது.

திருட்டு மென்பொருளால் நாட்டுக்கு நன்மையே என்னும் எதிர்த்தரப்பின் வாதமும் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ருமேனியாவின் அன்றைய அதிபர் திராயான் பசெஸ்கு, 2007இல் புக்கரெஸ்டில் பில் கேட்ஸை அருகில் வைத்துக்கொண்டே, தம் நாட்டு இளைஞர்கள் கணினியைக் கண்டடைந்ததும் அங்கே தகவல் தொழில்நுட்பத் துறை தழைத்ததும் திருட்டு மென்பொருளின் உதவியால்தான் என்று பேசினார். (விருந்தாளியின் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.) கற்றலைப் பொறுத்தவரை அவர் சொன்னது உண்மை. ஆனால் கற்றவர்களுக்கு எந்த வகை வேலை கிடைத்தது என்ற கேள்வியை அந்த வாதம் தொடுவதே இல்லை.

வளரும் நாடொன்றில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு கணக்குப்பதிவு மென்பொருளையோ படத்தொகுப்பு மென்பொருளையோ உருவாக்கி, உலகச் சந்தையில் முதலிடத்தில் இருக்கும் மென்பொருளின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு விற்க முன்வருகிறார்கள் என்று கொள்வோம். நேர்மையான சந்தையில் அந்த விலையே அவர்களுடைய பெரிய பலமாக இருக்கும். பெருநிறுவனத்தின் மென்பொருளோ கிராக் செய்யப்பட்டு, அதாவது உரிமப் பூட்டு உடைக்கப்பட்டு, இலவசமாகவே கிடைக்கிறது; இலவசத்துக்கு முன்னால் பத்தில் ஒரு பங்கும் அதிக விலைதான். அந்தப் பத்துப் பேரும் கடையை மூடிவிட்டு வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்த வேலை செய்யப் போகிறார்கள். பெருநிறுவனத்துக்கு வருமானம் வராவிட்டாலும் பழக்கப்பட்ட பயனர்கள் மிஞ்சுகிறார்கள். பில் கேட்ஸே 1998இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேசியபோது, சீனர்கள் எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதையே திருடட்டும், பிறகு வசூலிக்க வழி கண்டுபிடித்துக்கொள்வோம் என்ற பொருளில் வெளிப்படையாகவே சொன்னார்.

உள்ளூர்ப் படைப்பாளிகளின் தவிப்புக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. ஐ.பி.எம். கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸாகக் கருதப்படும் 'பிரெயின்' 1986இல் லாகூரிலிருந்து பரவியது. அதை எழுதிய சகோதரர்கள் இருவரும் மருத்துவ மென்பொருள் விற்றுவந்தவர்கள். திருட்டுத்தனமாகப் படியெடுப்பவர்களைக் கண்டறியவே எழுதியதாகச் சொன்னார்கள், தங்கள் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அதற்குள்ளேயே பதித்தும் வைத்திருந்தார்கள். அவர்கள் தேர்ந்த வழி தவறானது. ஆனால் பெருநிறுவனத்துக்கு வழக்கறிஞர் படை இருக்கிறது. சிறு நிறுவனத்துக்கு நீதிமன்றம் ஏறுவதற்கான செலவே அதன் ஆண்டு லாபத்தை விழுங்கிவிடும்.

வளரும் நாடுகளில் சேவை வேலைகள் பெருகியிருந்தும் சொந்த மென்பொருள் தயாரிப்புகள் அருகியே இருப்பதற்கு முதலீட்டுப் பற்றாக்குறை, சிறிய உள்நாட்டுச் சந்தை எனப் பல காரணங்கள் உண்டு. திருட்டையும் அவற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்பது என் கருத்து. வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக மணிக்கணக்கில் உழைப்பவரின் வேலையை உள்நாட்டுத் திருட்டு பறிப்பதில்லை. ஒருமுறை எழுதியதைப் பல்லாயிரம் பேருக்கு விற்று வாழ நினைப்பவரின் வேலையைத்தான் பறிக்கிறது. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள்களும் இதே அடியை வாங்குகின்றன. அலுவலகப் பணிகளுக்கான லிப்ரே ஆபிஸையோ முப்பரிமாணப் படங்களை உருவாக்கும் பிளெண்டரையோ நிறுவி, உள்ளூர் மொழிக்கு ஏற்றபடி மாற்றி, பயிற்சியும் பராமரிப்பும் அளிப்பதில் பலருக்கு வேலை இருக்கிறது. விலையுயர்ந்த மென்பொருளின் திருட்டுப் பிரதி எளிதாகக் கிடைக்கும்வரை அந்தச் சேவையைக் காசு கொடுத்துக் கேட்பவர்கள் குறைவு.

ஆகவே, மாணவர்களின் கணினிகளைச் சோதிப்பதில் அரசுகள் நேரம் செலவிடுவதை நான் ஆதரிக்கவில்லை. திருட்டு மென்பொருளை வைத்து லாபம் ஈட்டும் நிறுவனங்கள் மீது சட்டம் பாயட்டும். சிறு தயாரிப்பாளர்கள் குறைந்த செலவில் விரைவாக முறையிட ஒரு தீர்ப்பாயம் அமையட்டும். அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் உரிமம் பெற்ற உள்ளூர் மென்பொருளையோ கட்டற்ற மென்பொருளையோ மட்டுமே பயன்படுத்தட்டும். பெருநிறுவனங்களும் ஒரே விலையை எல்லா நாடுகளுக்கும் பொருத்திவிட்டுத் திருட்டைப் பற்றிப் புலம்புவதை நிறுத்திக்கொள்ளலாம்.