ஹாதார்ன் மீது இன்னும் தீராத கோபம்

'ஸ்கார்லெட் லெட்டர்' நாவலை எழுதிய நத்தானியல் ஹாதார்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் 1852இல் அவர் செய்ததை மன்னிக்க மனசு வரவில்லை. அந்த வருட அமெரிக்க அதிபர் தேர்தலில் தன் கல்லூரித் தோழர் பிராங்க்ளின் பியர்ஸுக்காக ஒரு பிரச்சார வாழ்க்கை வரலாறு எழுதிக் கொடுத்தார்.

வேட்பாளர் தானே ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்த காலம் அது. அவருக்குப் பதிலாகப் புத்தகங்கள் போயின. 1840இல் வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசனை மரக்குடிசையில் வாழும் எளியவர் ஆக்கினார்கள். அவர் பிறந்ததோ வர்ஜீனியாவில் ஒரு பெரிய பண்ணை மாளிகையில். அப்பா சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர். இந்தப் புளுகையாவது பொறுத்துக்கொள்ளலாம்.

ஹாதார்ன் எழுதியதைப் பொறுக்க முடியவில்லை. அடிமை முறை மனித முயற்சியால் தீர்கிற தீமை இல்லையாம். நேரம் வரும்போது கடவுள் சித்தத்தால் கனவுபோல மறைந்துவிடுமாம். தப்பி ஓடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் 1850ஆம் ஆண்டுச் சட்டம் அமலில் இருந்தபோது இப்படி எழுதினார். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணைகூடக் கிடையாது. அவரிடம் போய்க் கனவு, கடவுள் என்று சொல்ல முடியுமா?

1860 தேர்தலில் லிங்கனுக்காக இதே மாதிரி ஒரு வாழ்க்கை வரலாறு எழுதிய எழுத்தாளர் வில்லியம் டீன் ஹோவெல்ஸுக்கு வயது 23. லிங்கனை நேரில் பார்க்காமல், இன்னொருவர் திரட்டிவந்த குறிப்புகளை வைத்தே எழுதினார். சட்டமன்றத்துக்கு நூறு மைல் நடந்தே போனார் லிங்கன் என்று அதில் ஒரு கதை. நண்பர் ஒருவரின் பிரதியைத் திருத்திக் கொடுத்த லிங்கன், அந்த இடத்தில் ஓரத்தில் எழுதினார்: உண்மையாக இருந்தால் பாதகமில்லை, ஆனால் உண்மை இல்லை. ஓட்டு வாங்கித் தரக்கூடிய பொய்யை அவரே மறுத்தார். எனக்கு இது பெரிய விஷயம்.

தேர்தல் முடிந்ததும் ஹோவெல்ஸுக்கு வெனிஸில் கான்சல் (அமெரிக்கத் தூதரக அதிகாரி) பதவி, அதற்கு முன் ஹாதார்னுக்கு லிவர்பூலில். பதவி வாங்கியதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. பியர்ஸ் புத்தகத்தால், அடிமை முறைக்கு எதிர்ப்பு வலுத்திருந்த வட மாநிலங்களில் நூற்றுக்கணக்கான நண்பர்களை இழந்ததாக ஹாதார்னே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இழந்தது நியாயம்தான். நண்பனுக்காக எழுதினார், அதிலென்ன என்று கேட்பவர்கள் பியர்ஸ் ஜெயித்த பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும். 1854இல் கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டத்தில் கையெழுத்திட்டு, அதுவரை அடிமை முறைக்கு இடமில்லாத பிரதேசங்களிலும் அது நுழைய வழி திறந்துவிட்டவர் இதே பியர்ஸ்தான்.