விடுதலைப் பத்திரம்

நான் மனந்திரும்பினது 1994 மே மாதம், ஒரு வாலிபர் முகாமின் கடைசி ராத்திரியில். அந்த ராத்திரிக்காக இன்றும் கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷம், ‘மனந்திரும்புங்கள்’ என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம், அது பின்வரிசையில் இருக்கிற யாருக்கோ சொல்கிறார்கள் என்றே நினைத்து உட்கார்ந்திருந்தேன். இதை எழுத வேண்டும் என்பது பல நாளாக மனதில் பாரம்.

அப்பா 2011இல் உயில் எழுதாமல் இறந்தார். அம்மா முன்பே போய்விட்டார்கள். ஊரில் ஒரு வீடு, அறுபது சென்ட் தென்னந்தோப்பு. பிள்ளைகள் நானும் தங்கையும் மட்டும். 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி எங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பத்தில் மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. எனக்கு அது தெரியும். தெரிந்தும், ‘அவளுக்குத்தான் கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே’ என்று பெரியவர்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஐம்பதாயிரம் ரூபாயைக் கையில் கொடுத்து தன் பங்கை எனக்கு விட்டுக்கொடுப்பதாக அவளிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினேன். ‘மனப்பூர்வமாக’ என்று அந்தப் பத்திரத்தில் ஒரு வார்த்தை இருந்தது. கைரேகை வைக்கும்போது தங்கை என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்தில், எல்லாம் நல்லபடியாக முடிந்ததற்காக ஸ்தோத்திரம் சொன்னேன்.

2019இல் பாளையங்கோட்டையில் ஒரு மனை விலைக்கு வந்தது. வாங்கலாமா வேண்டாமா என்று தேவசித்தம் அறிய உட்கார்ந்தேன். மூன்று வெள்ளிக்கிழமை உபவாசம். அந்த வருஷம் பிறந்த ராத்திரி நடந்த வாட்ச்நைட் ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையில், அதாவது வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சிட்ட அட்டையில், ‘தேசம்’ என்ற வார்த்தை இருந்ததால், அதுவே பதில் என்றுகூட நினைத்தேன். மனைக்கு அட்வான்ஸ் ஏற்கெனவே கொடுத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அது ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம். வரிசையாக வாசித்து வந்ததில் எரேமியா 42ஆம் அதிகாரம் வந்தது. எருசலேம் விழுந்து, பாபிலோன் ராஜா வைத்த அதிபதி கெதலியாவும் கொலையுண்ட பிறகு, மிச்சமிருந்தவர்கள் படைத்தலைவன் யோகனானோடு எரேமியா தீர்க்கதரிசியிடம் வருகிறார்கள். நாங்கள் நடக்க வேண்டிய வழியைக் கர்த்தரிடம் கேட்டுச் சொல்லும், நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்கிறார்கள். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! பத்து நாள் கழித்து வார்த்தை வருகிறது: இந்த தேசத்திலேயே இருங்கள், எகிப்துக்குப் போகாதேயுங்கள். உடனே ‘நீ பொய் சொல்லுகிறாய்’ என்று எரேமியாவைப் பார்த்தே சொல்கிறார்கள். எகிப்துக்குப் போகிறார்கள், அவரையும் கூட்டிக்கொண்டு.

நான் அசந்துபோன இடம் முந்தின அதிகாரத்தின் கடைசி வசனங்கள். எரேமியாவிடம் வருவதற்கு முன்பே எகிப்துக்கென்று புறப்பட்டு, பெத்லகேமுக்குப் பக்கத்தில் வந்து தங்கியிருக்கிறார்கள். மூட்டை கட்டியாகிவிட்டது, அப்புறம்தான் வழி கேட்கிறார்கள். வேதத்தை மூடி வைத்தேன். மனைக்குக் கொடுத்த அட்வான்ஸ் நினைவுக்கு வரும் என்றுதான் எதிர்பார்த்தேன். வந்தது தங்கையின் முகம்.

என் கருத்து இதுதான், தவறென்று நினைக்கிறவர்கள் சொல்லுங்கள்: நாம் தேவசித்தம் தெரியவில்லை என்று தவிக்கிற பல நேரங்களில் தெரியாமல் இல்லை. தெரிந்த ஒரு காரியத்தைச் செய்யாமல் வைத்துக்கொண்டு, தெரியாத இன்னொரு காரியத்துக்குப் பதில் கேட்கிறோம். பலிபீடத்தினிடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முன்பு சகோதரனோடே ஒப்புரவாகு என்று மத்தேயு 5இல் ஆண்டவர் சொன்னதில், எந்த மனை வாங்குவது என்ற கேள்விக்கும் முந்தின பதில் இருக்கிறது. எனக்கு அது சகோதரி.

தாவீதைப் பாருங்கள். பெலிஸ்தர் தாக்கிய கேகிலா ஊரைக் காப்பாற்றப் போகலாமா என்று கர்த்தரிடம் கேட்டார், பதில் வந்தது. ஜனங்கள் பயப்படவே மறுபடியும் கேட்டார், மறுபடியும் பதில் வந்தது. அப்படி ஒவ்வொரு அடிக்கும் கேட்ட மனுஷன், பிறன் மனைவியான பத்சேபாளை எடுத்துக்கொண்ட விஷயத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்டதாக இல்லை. நாத்தான் தீர்க்கதரிசி வந்து ‘நீயே அந்த மனுஷன்’ என்று சொல்ல வேண்டியிருந்தது. இதெல்லாம் அவர் கர்த்தரை அறியாத காலத்தில் நடந்ததில்லை. சங்கீதங்கள் பாடி, ராஜாவாகி, உடன்படிக்கைப் பெட்டிக்கு முன் ஆடி முடித்த பிறகு நடந்தது.

1517இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய தொண்ணூற்றைந்து கூற்றுகளில் முதலாவதே இதுதான்: ‘மனந்திரும்புங்கள்’ என்று இயேசு சொன்னபோது, விசுவாசிகளின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். சபையே பணத்துக்குப் பாவமன்னிப்புச் சீட்டு விற்ற காலத்தில் எழுதியது. சீட்டு வாங்கினால் கணக்கு முடிந்தது என்று அன்றைக்கு ஜனங்கள் நம்பினார்கள். நான் என் 1994 தேதியை அந்தச் சீட்டைப் போல வைத்திருந்தேன்.

கிரேக்கத்தில் மெட்டனோயா என்றால் மனம் மாறுவது. எபிரெயத்தில் ஷூப் என்றால் திரும்பி வருவது. நம் தமிழ் வார்த்தையில் மனமும் இருக்கிறது, திரும்புதலும் இருக்கிறது. எனக்கு மனம் மாறி அழுகை வந்தது சீக்கிரம். திரும்பித் தங்கை வீட்டு வாசல்வரை போக ஏழு வாரம் ஆனது. அதற்குள் அட்வான்ஸைத் திருப்பி வாங்கினேன்.

போனேன். காப்பி கொடுத்தாள். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை அடுப்படி வாசலிலேயே நின்றாள். ‘இப்பமாச்சும் கேட்டியே அண்ணே’ என்றாள். தோப்பில் பாதியை அவள் பேருக்கு செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்தோம். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று இயேசுவிடம் சொன்னான். நான் கொடுத்தது அவளுடையதை, அதிலும் பாதியை.

இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவுக்கே அவசியம் இல்லை. அடுத்த மாதம் சபையில் சாட்சி சொல்ல நேரம் கொடுத்தார்கள். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன், நிறைய பேர் அழுதார்கள். அன்றைக்குத் தங்கையும் மச்சானும் வந்திருந்ததை நான் யோசிக்கவே இல்லை. அவள் வறுமையும், அவள் கையெழுத்துப் போட்ட விதமும் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆராதனை முடிந்து தேடினேன், போய்விட்டார்கள். பாவத்தை விட்ட கதையைச் சொல்லியே இன்னொரு பாவம் செய்ய முடியும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. மறுபடியும் அதே வாசலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை ஏழு வாரம் ஆகவில்லை, அதே சாயங்காலம் போனேன்.

இப்போது ராத்திரி படுக்கும் முன் சங்கீதம் 139இன் கடைசி இரண்டு வசனங்களைச் சொல்லி ஜெபிக்கிறேன். ‘என்னை ஆராய்ந்து’ என்றுதான் அது ஆரம்பிக்கிறது, ‘நித்திய வழியிலே என்னை நடத்தும்’ என்று முடிகிறது. இத்தனை வருஷம் நான் கடைசி வரியை மட்டும் ஜெபித்திருக்கிறேன்.

இதைத் தங்கையிடம் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் பதிவிடுகிறேன். ஒரு பத்தியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். ஊர் வீடு இன்னும் முழுக்க என் பேரில்தான் இருக்கிறது. அதைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. பத்திரம் எழுதுகிறவரை வரும் திங்கட்கிழமை பார்க்கப் போகிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்.