மிகை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமா?

சிவாஜியின் பழைய படங்களை இன்று பார்த்தால் எல்லாமே மிகை நடிப்பாகத் தெரிகிறது என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். பாதி ஒத்துக்கொள்கிறேன். எழுபதுகளின் கடைசியில் வந்த சில படங்களை என்னாலேயே முழுதாகப் பார்க்க முடியவில்லை. ஆனால் 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தையும் அதே கூடையில் போடுவது அநியாயம். 'நலந்தானா' பாட்டை மறுபடி பாருங்கள் சார். வாயில் நாதஸ்வரம். ஒரு வார்த்தை பேச வழியில்லை. கையில் காயம் வேறு. பத்மினி கேட்கிற கேள்விக்கெல்லாம் கண்ணாலும் கன்னத்தாலும்தான் பதில் சொல்கிறார். உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். நான் சிறுவயதில் சிவாஜியே வாசிப்பதாக நம்பி, வீட்டில் சண்டை போட்டிருக்கிறேன்!

அப்புறம், 'அந்த நாள்' (1954) பற்றி ஒரு வரிகூட இல்லையே? நம்ம சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த 1943-இல் நடக்கிற கதை. எஸ். பாலச்சந்தர் இயக்கம், பாட்டே கிடையாது. 'பராசக்தி' வந்து இரண்டே வருடத்தில், நாட்டைக் காட்டிக்கொடுக்கும் ஆளாக நடிக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

'கர்ணன்' விஷயத்தில் மட்டும் எனக்கும் தடுமாற்றம்தான். 2012-இல் புதுப்பித்து வெளியிட்டபோது என் பையனோடு தியேட்டரில் பார்த்தேன். முதல் அரை மணி நேரம் சிரித்தான். கடைசிக் காட்சியில் திரும்பிப் பார்த்தால் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறான்.