ஊரடங்கும் குடும்பச் சாப்பாட்டு மேசையும்
ஊரடங்கில் குடும்பமாக இருந்து உண்டதால் நமது உணவுப் பழக்கம் சீரானது என்று இங்கே வந்த ஒரு கட்டுரை சொல்வதை, உண்ணல் கோளாற்றுடன் அக்காலத்தைக் கடந்தவள் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை. 2020 மார்ச் 20 மாலை இலங்கையில் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது நான், எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் உணவைக் குறைத்துக்கொண்டே போகும் அனொரெக்ஸியா என்ற உண்ணல் கோளாற்றிலிருந்து மெல்ல மீண்டுகொண்டிருந்தேன். அந்த மீட்சி, அலுவலகத்தில் பன்னிரண்டரை மணிக்குத் தோழியுடன் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும் வழக்கத்தில்தான் பெரும்பாலும் தங்கியிருந்தது. கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஐந்து பேர் அடைபட்டதும் அந்த ஒழுங்கு குலைந்தது. மரக்கறி லொறி எப்போது வரும் என்று தெரியாமல் அம்மா பருப்பைச் சுண்டால் அளந்து போட்ட நாட்களில், “எனக்குப் போதும், தம்பிக்குக் கொடுங்கோ” என்று நான் தட்டை நகர்த்தியது எல்லோருக்கும் தியாகமாகவே பட்டது. நோய்க்கு அதைவிட நல்ல மறைவிடம் கிடைத்திராது. பசித்தால் தானாகச் சாப்பிடுவார்கள் என்று அக்கட்டுரைக்கான கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார். இந்நோயில் பசி இருக்கும். அதை வென்றுவிட்டோம் என்ற எண்ணமே போதையாகிவிடும். மனநோய்களுள் உயிரிழப்பு மிக அதிகமுள்ளவற்றில் இதுவும் ஒன்று என்பதை அவர் அறிந்திருக்க மாட்டார். மே மாதத்தில் அதே தோழி மதியந்தோறும் வட்ஸ்அப் காணொளி அழைப்பில் தன் தட்டுடன் வந்து அமர்ந்த பிறகே என் தட்டு மறுபடியும் காலியாகத் தொடங்கியது.