மாப்பிள்ளைக்கு ஒரு ஷீட் ரூம்

(மதுரையில் ஒரு மொட்டை மாடி. பங்குனி மாதம், மதியம் இரண்டு மணி. 12-க்கு 10 அடியில், தகர ஷீட்டால் கூரை போட்ட ஒரு ஷீட் ரூம். வீட்டுக்காரர் பரமசிவம் அதன் வாசலுக்கு வெளியே நிற்கிறார். ஷீட் வேலை பார்க்கும் செல்லப்பாண்டி உள்ளே போன வேகத்திலேயே வெளியே வருகிறார்.)

செல்லப்பாண்டி: அண்ணே, இதுக்குள்ள ஆளு தங்குறாகளா?

பரமசிவம்: மாப்பிள்ளைக்காகக் கட்டுனது. போன சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவரு, "ரூம் பிரமாதம் மாமா, நான் கீழ ஸ்கூட்டர் பக்கத்துல படுத்துக்கிறேன்"னுட்டாரு.

செல்லப்பாண்டி: வெவரமான மனுசன். ஷீட்டு என்ன, மெரூன் கலரா?

பரமசிவம்: காம்பவுண்டு சுவருக்கு மேட்ச்சுன்னு உங்க மதினி எடுத்தது.

செல்லப்பாண்டி: மேட்ச்செல்லாம் சரிதான். ஆனா அடர்த்தியான கலரு ஷீட்டு சித்திரை வெயில்ல 65, 70 டிகிரிக்குப் போயிரும்ணே. அந்தச் சூட்டை அப்படியே கீழ வீசும். ஃபேனைப் போட்டா, கூரைக்கடியில தேங்கி நிக்கிற சுடுகாத்தையும் சேத்து உங்க மண்டையில தள்ளும்.

பரமசிவம்: அதான்யா, 1 டன் ஏசியைக் கழட்டிட்டு 2 டன்னு மாட்டிரலாம்னு பாக்கேன்.

செல்லப்பாண்டி: ஏசி எறக்குற சூட்டை ஷீட்டு ஏத்திக்கிட்டே இருக்கும். ரெண்டும் மல்லுக்கட்டும், பில்லு உங்க பேருக்கு வரும். ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டுனா ரேட்டே வேற, தெரியும்ல?

பரமசிவம்: தெரியும். அத ஏன்யா இந்த வெயில்ல ஞாபகப்படுத்துற? நானும் சும்மா இருக்கல. உள்ள பாத்தியா, காத்துக் குமிழி வச்ச வெள்ளி பபுள் ஷீட்டு! பசை தடவி, ஷீட்டோட ஷீட்டா அமுக்கி ஒட்டியிருக்கேன்.

செல்லப்பாண்டி: பாத்தேன். கீழருந்து பாத்தா வெள்ளை பிளாஸ்டிக்குதான தெரியுது. பளபளப்புப் பக்கம் எங்க?

பரமசிவம்: மேல. சூரியன் மேலதான இருக்கு!

செல்லப்பாண்டி: (தலையில் துண்டைப் போட்டுக்கொள்கிறார்) அண்ணே, அந்தப் பளபளப்பு வெப்பக் கதிரைத்தான் தடுக்கும். அதுக்கு முன்னால காலியிடம் வேணும், குறைஞ்சது ஒரு இன்ச்சு. நீங்க அதைத் தகரத்தோட ஒட்டிப்புட்டீக. சூடு தொட்டே எறங்கிருது. இஸ்திரிப் பெட்டி சட்டை மேல உக்காந்த பெறகு, சட்டை பளபளன்னு இருந்து என்ன பிரயோசனம்? இப்ப தடுக்குறது நடுவுல இருக்கிற நாலு மில்லிமீட்டர் குமிழி மட்டும்தான்.

பரமசிவம்: அப்ப உரிச்சுத் திருப்பி ஒட்டிரு.

செல்லப்பாண்டி: உரிச்சா அலுமினியம் தகரத்தோட நின்னுக்கிரும், பிளாஸ்டிக்குதான் கையில வரும். அது கெடக்கட்டும். ரெண்டு பக்கமும் பளபளக்கிற ரோல் வாங்குங்க. ஷீட்டைத் தாங்குற பர்லின் பைப்பு ரெண்டு இன்ச்சு இருக்கா? அந்தப் பைப்போட அடிப்பக்கம் ஸ்க்ரூ போட்டு இழுத்துக் கட்டுவோம். ரெண்டு இன்ச்சு இடைவெளி தானா கெடைச்சிரும். மேல்பக்கம் நாள்பட தூசி படிஞ்சு மங்கும், கீழ்ப்பக்கம் சுத்தமா நின்னு வேலை செய்யும்.

பரமசிவம்: இடைவெளியில சுடுகாத்து தேங்காதா?

செல்லப்பாண்டி: நல்லாக் கேட்டீக! தாழ்வான ஓரத்துல காத்து நுழையணும், உசந்த ஓரத்துல வெளியேறணும். ரெண்டு பக்கமும் நெளிவு ஓட்டையை சிமெண்டு வச்சு அடைச்சிருக்கீகளே, அதைத் தட்டி எடுத்துட்டுக் கம்பி வலை போடணும். இல்லன்னா அணிலு குடும்பத்தோட குடி வந்துரும். வாடகையும் தராது.

பரமசிவம்: சரி, இதோட முடிஞ்சுதா?

செல்லப்பாண்டி: இது ரெண்டாவது வேலை. மொத வேலை மேல. சூட்டை ஷீட்டுலயே ஏறவிடக் கூடாது. வெள்ளை அடிக்கணும்.

பரமசிவம்: சுண்ணாம்பா? ரெண்டு மூட்டை கெடக்கு.

செல்லப்பாண்டி: தளத்துக்குன்னா சுண்ணாம்பு சரி. தகரத்துல நிக்காது, உரிஞ்சு குழாய் வழியா ஓடிரும். வெயிலைத் திருப்பி அனுப்புற கூல் ரூஃப் பெயிண்டு வேணும். சோப்புத் தண்ணியில கழுவி, லேசா உப்புத்தாள் போட்டு, துருப் பிடிச்ச இடத்துல ப்ரைமர் அடிச்சு, அதுக்கு மேல ரெண்டு கோட்டு. டப்பாவுல போட்டிருக்க சதுர அடிக் கணக்கு தட்டையான தரைக்கு. நெளிவுக்குக் கால் பங்கு கூட வாங்கணும். அப்புறம் வருசா வருசம் தை மாசம் கழுவி விடணும், அழுக்கேறுன வெள்ளை பாதி வேலைதான் செய்யும்.

பரமசிவம்: ஒரு பெயிண்டுக்கு இவ்வளவு பேச்சா?

செல்லப்பாண்டி: தெலங்கானாவுல 2023-ல இந்தக் கூல் ரூஃபுக்கு அரசாங்கமே தனிக் கொள்கை போட்டுச்சுண்ணே.

பரமசிவம்: அரசாங்கத்தை விடு, உங்க மதினி ஒத்துக்கணுமே!

செல்லப்பாண்டி: மேல்பக்கம் தெருவுலருந்து தெரியாது. சுத்தி இருக்க மெரூன் ஓரப்பட்டியத் தொடமாட்டேன்.

பரமசிவம்: (குரலைத் தாழ்த்தி) அப்ப அவகிட்ட சொல்லவே வேணாங்கிறியா?

செல்லப்பாண்டி: அது உங்க குடும்ப விவகாரம். நான் பெயிண்டு மட்டுந்தான் அடிப்பேன். ஆமா, ஸ்க்ரூவெல்லாம் யாரு அடிச்சது? பூரா பள்ளத்துல இருக்கு.

பரமசிவம்: என் மச்சினன். அவன் எல்லாம் தெரிஞ்சவன்.

செல்லப்பாண்டி: தண்ணி ஓடுற எடம் மட்டும் தெரியாது போல. ஸ்க்ரூ மேட்டுல ஏறணும். இவரு மிசினை வச்சு இறுக்குன இறுக்குல ரப்பர் வாசர் பிதுங்கிக் கிழிஞ்சிருக்கு. பழசைக் கழட்டி, ஒரு சைஸ் தடிமனா புது வாசரோட போட்டு, ஒழுகாம அடைக்கிற சீலன்ட் வைக்கணும். அப்புறம் ஓஸ் பைப்புல அரை மணி நேரம் தண்ணி அடிச்சுப் பாத்துட்டுத்தான் உள்வேலை. ஒழுகுற கூரைக்கடியில சீலிங் போட்டா, ஐப்பசியில சீலிங்கு உங்க மடியில இருக்கும்.

பரமசிவம்: சீலிங் வேறயா! வீட்டுல டிவி வந்த தெர்மாகோல் கெடக்கே, அதை ஒட்டுனா?

செல்லப்பாண்டி: தீப்பிடிச்சா உருகித் தலையில சொட்டும்ணே. அதைத் திறந்தபடி கூரையில ஒட்டவே கூடாது. சீலிங்குக்கு மேல ராக் வுல் போடுவோம், கல்லை உருக்கி இழுத்த பஞ்சு, எரியாது. 50 மில்லிமீட்டர் கனம், 48 டென்சிட்டி, அதாவது ஒரு கன மீட்டருக்கு 48 கிலோ. ஒரு ஸ்லாப் ஒரு மீட்டருக்கு 60 சென்டிமீட்டர். 120 சதுர அடின்னா 11 சதுர மீட்டர் சொச்சம். 19 ஸ்லாப், சேதாரத்துக்கு 2.

பரமசிவம்: வெயிட்டு?

செல்லப்பாண்டி: வுல்லு 27 கிலோதான். கீழ சீலிங்கா வர்ற 12.5 மில்லிமீட்டர் ஜிப்சம் போர்டு தனியா 90, 100 கிலோ வரும். அதனால சட்டத்தைப் பர்லின்லதான் தொங்கவிடணும், ஷீட்டுல இல்ல. ஃபேனும் பர்லின்ல தனிக் கொக்கி, சீலிங்குல தொங்கக் கூடாது. றெக்கை தரையிலருந்து ஏழடிக்குக் கீழ வந்துறாமப் பாத்துக்கணும்.

பரமசிவம்: மாப்பிள்ளை ஆறடி.

செல்லப்பாண்டி: கையைத் தூக்கிச் சோம்பல் முறிக்க வேணாம்னு சொல்லி வைங்க. ஏசி ஓடப்போகுதா?

பரமசிவம்: பின்ன? சீர்ல சொன்னதாச்சே.

செல்லப்பாண்டி: அப்ப ஒரு பக்கம் ஃபாயில் ஒட்டுன வுல்லு வாங்குங்க. ஃபாயில் மேல பாக்கணும், இணைப்புல அலுமினிய டேப்பு. மேல இருக்க ஈரக்காத்து கீழ குளுந்த போர்டுல பட்டா வேர்த்து, வுல்லு நனைஞ்சிரும். நனைஞ்ச வுல்லு சூட்டைத் தடுக்காது. மார்கழிப் பனியில ஷீட்டுக்கடியில சொட்டுறது பிரச்சினை இல்ல. பர்லின்ல கட்டுன பபுள் ஷீட்டு சரிவா இருக்கதால ஓரமா வடிஞ்சிரும்.

பரமசிவம்: இத்தனையும் செஞ்சா குளுகுளுன்னு ஆயிருமா?

செல்லப்பாண்டி: வெளிய 40 இருந்தா உள்ள ஊட்டி வராதுண்ணே. தலைக்கு மேல அனல் வீசாது, 1 டன் ஏசியே போதும், மழை பேஞ்சா தகரத்துல மத்தளச் சத்தமும் குறையும். ஆனா அந்த மேக்கு சுவரு நாலரை இன்ச்சுதான? சாயங்காலம் அது அனத்தும். வெளிய ஒரு தட்டி கட்டி நெழல் குடுங்க.

பரமசிவம்: எப்ப ஆரம்பிக்கிற? அழகர் ஆத்துல எறங்குறதுக்குள்ள முடியணும்.

செல்லப்பாண்டி: நாளைக்குக் காலையில 6 மணிக்கு. சூடான ஷீட்டுல பெயிண்டு ஒட்டுறதுக்கு முன்னாடியே காஞ்சு கொப்பளிக்கும், 9 மணிக்குள்ள மேல்வேலையை நிறுத்திருவேன்.

பரமசிவம்: 6 மணிக்கு யாருய்யா எந்திரிச்சுக் கதவத் தொறக்குறது? 10 மணிக்கு வா.

செல்லப்பாண்டி: 10 மணிக்கு அந்த ஷீட்டுல கால் வைக்கணும்னா, உங்க மச்சினனைத்தான் ஏத்தணும்.